தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒசு பரம்பரையில் பிறந்த வாசகிக்குப் பதில்

லண்டனில் பிறந்து வளர்ந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 28, மருந்தாளுநர். அம்மா யாழ்ப்பாணத்துத் தமிழர். அப்பா நைஜீரியாவின் இமோ மாநிலத்தைச் சேர்ந்த இக்போ இனத்தவர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழிலேயே நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் ஓர் இக்போ இளைஞரைக் காதலித்தார். திருமணப் பேச்சு தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி பெண்ணின் தந்தை வழியை ஊரில் விசாரித்தார்கள். சில வாரங்களில் அந்த இளைஞர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். காரணம் புரியாமல் அழுத மகளிடம் அப்பா அன்றைக்குத்தான் சொன்னார்: "நாங்கள் ஒசு." அதாவது, இக்போ சமூகத்தில் பிறப்பாலேயே ஒதுக்கப்பட்ட பிரிவினர். அம்மாவுக்கு இது திருமணத்துக்கு முன்பே தெரியும். அம்மாவின் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது வாசகி வேல்ஸில் வளர்ந்த ஒருவரை விரும்புகிறார். அவருக்கு நைஜீரியாவைப் பற்றி எதுவும் தெரியாது. "உங்கள் அப்பாவின் ஊருக்கு நீங்கள் ஏன் போவதே இல்லை?" என்று அவர் இயல்பாகக் கேட்டதற்கு வாசகியால் பதில் சொல்ல முடியவில்லை. அவரிடமும் அம்மம்மாவிடமும் மாமாவிடமும் உண்மையைச் சொல்லிவிட விரும்புகிறார். சாதியை அறிந்தவர்கள் என்பதால் தமிழ் உறவினர்களுக்கு உடனே புரிந்துவிடும் என்று நம்புகிறார். அப்பா தடுக்கிறார்: "இங்கே யாருக்கும் அது தெரியாது. தெரியாதவர்களுக்கு நாமே ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?" வேலை செய்யும் இடத்தில் இக்போ மூத்த ஊழியர் ஒருவர், "அப்பாவுக்கு எந்த ஊர், எந்தக் கிளை?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் சபையில் விடுதலைப் பிரார்த்தனை செய்தால் பரம்பரைக் கட்டு அறுந்துவிடும் என்கிறார் ஓர் அத்தை. கடிதம் இப்படி முடிகிறது: "சொல்லாமல் இருந்தால் அவரை ஏமாற்றுவதாகத் தோன்றுகிறது. சொன்னால், இல்லாத கறையை நானே பூசிக்கொள்வதாகத் தோன்றுகிறது. நான் பாதி தமிழ். லண்டனில் பிறந்தவள். சட்டமும் 1956இலேயே இதை ஒழித்துவிட்டது. அப்படியிருக்க எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?"

அன்புள்ள சகோதரி,

வலிப்பதற்கு நீங்கள் காரணம் தேட வேண்டியதில்லை. உங்களை நேசித்த ஒருவர், நீங்கள் பார்த்தேயிராத ஊரில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு விளக்கமும் தராமல் விலகிப்போனார். அதன் காரணத்தை அப்பாவின் வாயிலிருந்து கேட்டீர்கள். காதல் முறிந்ததும் பரம்பரை தெரிய வந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. ஒசு என்று நினைத்தாலே கைவிடப்பட்ட உணர்வும் கூடவே வருகிறது. இப்போது நீங்கள் அஞ்சுவது பரம்பரையைச் சொல்வதற்கா, மறுபடியும் கைவிடப்படுவதற்கா என்று பிரித்துப் பாருங்கள். கடிதத்தைப் படித்தவரை இரண்டாவதுதான் பெரிது என்று எனக்குப் படுகிறது. அந்த அச்சத்துக்கு மருந்து வேறு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிறரிடம் பேசும்போதும் இவை உதவும். தென்கிழக்கு நைஜீரியாவின் அபியா, அனம்பிரா, எபோன்யி, எனுகு, இமோ மாநிலங்கள் இக்போ மக்களின் தாயகம். அங்கே பழைய காலத்தில் ஊர்த் தெய்வங்களுக்கு மனிதர்களை நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. ஊருக்கோ குடும்பத்துக்கோ வந்த தீங்கு நீங்குவதற்காக விலைக்கு வாங்கி ஒப்படைக்கப்பட்டவர்கள் உண்டு. அடிமையாக விற்கப்படுவதிலிருந்தும் பகைவரிடமிருந்தும் தப்பி, தெய்வத்திடம் தாங்களே தஞ்சம் புகுந்தவர்களும் உண்டு. இவர்களே ஒசு. தெய்வத்தின் உடைமை என்பதால் அவர்களை அடிக்கவும் விற்கவும் மற்றவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சமே விலக்காகவும் ஆனது. வழிபாட்டிடத்தையும் சந்தையையும் ஒட்டித் தனியே வாழ வேண்டும், முடி வெட்டக்கூடாது, சுதந்திரர்களாகப் பிறந்த டியாலாக்களோடு மண உறவு கூடாது என்று விதிகள் வந்தன. ஒசுவின் பிள்ளைகள் பிறப்பாலேயே ஒசு. ஒசுவை மணந்துகொண்ட டியாலாவும் ஒசு.

நிறம், மொழி, பெயர், தொழில் எதைக்கொண்டும் ஒருவரை ஒசு என்று கண்டுபிடிக்க முடியாது. ஊரின் நினைவு ஒன்றுதான் இந்தப் பிரிவினையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் திருமணத்துக்கு முன் நடக்கும் 'இஜு எசே' என்ற விசாரணை இவ்வளவு கனமானதாக இருக்கிறது. உங்கள் முதல் காதலை முறித்தது அதுதான். மிஷன் பள்ளிகளும் தேவாலயங்களும் வந்தபோது முதலில் உள்ளே போனவர்களில் ஒசு மக்கள் நிறையப் பேர். அந்த வழியில் படிப்பும் பதவியும் செல்வமும் பெற்ற குடும்பங்கள் பல. ஆனால் கூட்டத்தில் கோலா கொட்டையை உடைத்து ஆசி கூறுவது, ஊர்ப் பட்டம் ஏற்பது, சம்பந்தம் பேசுவது என்று வரும்போது அவர்களை ஒதுக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் அப்பா பொறியாளர், நல்ல வீட்டில் இருக்கிறார், அப்படியிருக்க இது எப்படி என்று யாராவது உங்களைக் கேட்கக்கூடும். ஒதுக்கப்பட்டவர் ஏழையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு புதிது.

சட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சரி, ஆனால் பாதிதான். நைஜீரியாவின் அன்றைய கிழக்குப் பிராந்தியச் சட்டமன்றம் 1956இல் ஒசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. நம்தி அசிகிவே அப்போது பிராந்தியப் பிரதமர். நைஜீரியாவின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 42ஆம் பிரிவு, பிறந்த சூழ்நிலையைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனுக்கும் உரிமை மறுக்கக்கூடாது என்கிறது. ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002இல் வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரை, சாதியையும் அதை ஒத்த பரம்பரை நிலைகளையும் காரணமாகக் கொண்ட பாகுபாட்டைக் கண்டித்தது. 2018 டிசம்பரில் அனம்பிரா மாநிலத்தின் நிரி என்ற தொன்மையான ஊரில், ஒசு முறை முடிந்தது என்று சடங்கு நடத்தி அறிவித்தார்கள். 2021இல் எனுகு மாநிலத்தின் நுசுக்கா பகுதியில் ஊர்த் தலைவர்கள் கூடி அதேபோல் அறிவித்தார்கள். ஒரே வழக்கத்தை இத்தனை முறை ஒழிக்க வேண்டியிருந்தது என்பதே அது இன்னும் சாகவில்லை என்பதற்குச் சான்று. ஆகவே உங்கள் வலி மிகையானதல்ல.

'நான் பாதி தமிழ்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாதத்தைக் கைவிடச் சொல்வேன். பெற்றோரில் ஒருவர் ஒசு என்றாலே பிள்ளையும் ஒசு என்பது அந்த வழக்கம் என்பதால் அதை நம்புகிறவர்களிடம் இது செல்லாது. அதைவிட முக்கியம், 'நான் முழு ஒசு அல்ல' என்று சொல்லும்போது விதியை ஏற்றுக்கொண்டு உங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்கிறீர்கள். அம்மா அப்பா இருவரும் ஒசுவான உங்கள் அத்தை மகளுக்கு அப்போது என்ன பதில்? உங்களை மணப்பவருக்கும் அந்த நிலை ஒட்டிக்கொள்ளுமோ என்று கடிதத்தின் நடுவே ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவைப் பாருங்கள். அந்த விதியின்படி அவரும் திருமணத்தோடு ஒசு ஆகியிருக்க வேண்டும். அவருடைய உடலிலோ மனத்திலோ மானத்திலோ என்ன மாறியது? ஒன்றும் இல்லை. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் மட்டுமே அதற்கு வலிமை உண்டு.

அப்பா சொல்வதில் உள்ள உண்மை

'தெரியாதவர்களுக்கு நாமே ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?' என்ற அப்பாவின் கேள்வியைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் கூர்மையான ஒரு கவனிப்பு இருக்கிறது. ஒசுவைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவரிடம் உங்கள்மீது இளக்காரம் கிடையாது. அது அவருக்கு வர வேண்டுமென்றால் யாரிடமிருந்தாவது வர வேண்டும். நீங்கள் கண் கலங்கி, குரல் தாழ்த்தி, மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னால், இது வெட்கப்பட வேண்டிய விஷயம் போலிருக்கிறது என்று உங்கள் முகத்தைப் பார்த்தே அவர் கற்றுக்கொள்வார். ஆனால் இதிலிருந்து அப்பா எடுக்கும் முடிவோடு நான் உடன்படவில்லை. சொல்லாதே என்கிறார் அவர். சொல்லும் விதத்தைத் தேர்ந்துகொள் என்கிறேன் நான்.

அப்பாவே இதை ஒருமுறை செய்திருக்கிறார். ஒசு என்றால் என்ன என்று தெரியாத, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் திருமணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். சொல்லாமலே மணந்திருக்க முடியும், யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இருந்தும் சொன்னார். அன்றைக்கு எந்த வார்த்தையில் தொடங்கினார், அம்மா என்ன கேட்டார், எது அவருக்குத் தைரியம் கொடுத்தது என்று கேளுங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே நிகழ்ச்சியை வேறு வேறு விதமாகச் சொல்லக்கூடும், அந்த வேறுபாட்டிலும் உங்களுக்குக் கற்க இருக்கிறது. இந்த உரையாடல் நடந்த பிறகு அப்பாவின் 'வேண்டாம்' சற்றுத் தளரலாம். தளராமலும் போகலாம்.

தளராவிட்டால் என்ன செய்வது? உங்கள் பரம்பரை உங்களுடையதும்தான். உங்களுக்கு நடந்ததைச் சொல்ல அப்பாவின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டித் தெரிவித்தால் போதும். ஆனால் அப்பா இளமையில் பட்ட அவமானங்கள் அவருடையவை. அவரே சொல்லும்வரை அவற்றை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஊரின் பெயரும் குடும்பக் கிளையின் பெயரும் இன்னும் பலருக்குச் சொந்தம். இமோவில் உங்கள் அத்தை, சித்தப்பா பிள்ளைகள் திருமண வயதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உணர்ச்சி வேகத்தில் முழுப் பெயரோடு சமூக ஊடகத்தில் எழுதும் ஒரு பதிவு, அங்கே ஒருவருக்கு நடக்கும் விசாரணையில் சான்றாகப் போய்ச் சேரலாம். உங்களுக்கு லண்டனில் கிடைக்கும் விடுதலைக்கு அவர்கள் விலை கொடுக்கக்கூடாது.

வேல்ஸில் வளர்ந்தவரிடம்

இதுவரை சொல்லாதது ஏமாற்று ஆகாது. உங்கள் குணத்தையோ உடல்நலத்தையோ கடனையோ நீங்கள் மறைக்கவில்லை. வேறு மனிதர்கள் உங்கள் குடும்பத்துக்கு இழைத்த அநீதியை எப்போது சொல்வது என்று நீங்கள் தீர்மானிக்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. ஆனாலும் அவரோடு வாழ்க்கையை அமைக்க நினைக்கிறீர்கள் என்பதால், அவர் உங்கள் அப்பாவின் உறவினர்களையோ மற்ற இக்போ நண்பர்களையோ சந்திப்பதற்கு முன் உங்கள் வாயால் கேட்பது நல்லது. வேறொருவர் அரைகுறையாகச் சொல்லிக் கேட்பது இருவருக்குமே கெடுதல்.

"உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கேட்டால் வருத்தப்படுவாய்" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால், குற்றம் எது என்று தேடிக்கொண்டே அவர் கேட்பார். ஏறக்குறைய இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அப்பாவின் ஊர்ப்பக்கத்தில் அந்தக் காலத்தில் சிலரைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டார்கள். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் மற்றவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்யப் பலர் மறுக்கிறார்கள். எங்கள் குடும்பம் அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று. எனக்கு முன்பு ஒரு திருமணப் பேச்சு நின்றது அதனால்தான். நாங்கள் ஊருக்குப் போகாததும் அதனால்தான்."

கவனித்துப் பாருங்கள். நேர்ந்துவிட்டவர்கள், ஒதுக்கியவர்கள், மறுக்கிறவர்கள் என்று செய்தவர்களைப் பற்றியே முதலில் பேசுகிறீர்கள். உங்கள் குடும்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒசு என்ற பெயரைக்கூடத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டியதில்லை.

அவர் மூன்று விதமாக எதிர்வினை காட்டலாம். "இது முட்டாள்தனம், விட்டுத்தள்ளு" என்பது ஒன்று. அன்போடுதான் சொல்வார், ஆனால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். "முட்டாள்தனம்தான், ஆனால் அதை விட்டுத்தள்ளும் வசதி அப்பாவுக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லி, நீங்கள் எதிர்பார்ப்பது ஆறுதலா, கேட்டுக்கொண்டிருப்பதா என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, "அந்த நாட்டில் எல்லோரும் இப்படித்தானா?" என்ற கோபம். உங்களுக்காகக் கோபப்படுகிறார் என்று நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால், பிறகு அப்பாவின் மொத்த இனத்தையும் அவர் கேவலமாகப் பேசும் நிலை வரும். ஒசு முறைக்கு எதிராக 1956இல் சட்டம் கொண்டுவந்தவர்களில் இக்போ மக்களே முன்நின்றார்கள், இன்றும் அதை எதிர்த்துப் போராடுகிறவர்கள் அவர்களே என்று உடனே சொல்லுங்கள். மூன்றாவது, மிதமிஞ்சிய ஆர்வம். சடங்குகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போவார், நண்பர்களிடம் சுவையான கதையாகச் சொல்லவும் தோன்றும். "இது உன்னிடம் மட்டும் சொன்னது" என்ற நிபந்தனையை அன்றைக்கே வைத்துவிடுங்கள். கேட்கும் எல்லாக் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. வரலாற்றை அவர் தேடிப் படிக்கலாம்.

ஒருவேளை கேட்டுவிட்டு அவர் விலகினால்? அப்படி நடக்கும் என்று நினைக்கக் கடிதத்தில் எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. முன்பு விலகியவர் அந்த நம்பிக்கைக்குள் வளர்ந்தவர், அவர் வீட்டார் அவரை நெருக்கியிருப்பார்கள். இவர் அப்படிப்பட்டவர் அல்லர். பழைய ஆளின் மௌனத்தை இவர் முகத்தில் முன்கூட்டியே பார்க்காதீர்கள்.

அம்மம்மாவும் மாமாவும்

இங்கே நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குக் கவலை தருகிறது. சாதியை அறிந்தவர்களுக்கு ஒசு உடனே புரியும் என்கிறீர்கள். புரியும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து புரிந்துகொள்வார்கள் என்பதுதான் கேள்வி. இலங்கையிலும் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, உங்கள் அப்பாவின் நாட்டில் வந்ததற்கு அடுத்த ஆண்டே. இருந்தும் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. உங்கள் அம்மம்மா அப்போது இளம்பெண்ணாக இருந்திருப்பார். அவர்கள் குடும்பம் அன்று எந்தப் பக்கம் நின்றது? பேச்சைத் தொடங்குவதற்கு முன் இதை அம்மாவிடம் கேளுங்கள்.

ஒதுக்கப்பட்டவர் பக்கம் என்றால், அம்மம்மாவைவிட நல்ல துணை உங்களுக்குக் கிடைக்காது. ஒதுக்கியவர் பக்கம், அல்லது வேடிக்கை பார்த்தவர் பக்கம் என்றால், நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனம் உங்கள் அப்பாவைத் தனக்குத் தெரிந்த சாதி வரிசையில் ஓர் இடத்தில் உட்கார வைத்துவிடும். இத்தனை ஆண்டுகள் அன்பாகப் பழகிய மருமகனை அவர் வேறு கண்ணோடு பார்த்தால், அதைத் தாங்க வேண்டியவர் உங்கள் அப்பா. ஆகவே அம்மாவின் வீட்டாரிடம் சொல்வதை நீங்கள் தனியாகத் தீர்மானிக்காதீர்கள். அது அப்பா, அம்மா இருவரின் சம்மதத்தோடு, முடிந்தால் அவர்களே வாய் திறந்து நடக்க வேண்டியது. அதற்கு அவசரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சொல்லும் நாள் வந்தால், ஒப்பீட்டை அளவாகப் பயன்படுத்துங்கள். பிறப்பால் வருவது, திருமணத்தில் வெளிப்படுவது, சட்டத்துக்குப் பின்னும் வாழ்வது ஆகியவற்றில் நம் சாதியை ஒத்தது. ஆனால் தொழிலை அடிப்படையாகக் கொண்ட பல படிகள் இதில் இல்லை. தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவது என்றதும் நம்மவர்களுக்குத் தேவதாசி முறை நினைவுக்கு வரும். மாமாவின் மனம் அங்கே போனால் உடனே மறித்துவிடுங்கள். ஒசுவில் ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் ஒப்படைக்கப்பட்டார்கள், குடும்பமாகவே வாழ்ந்தார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வேலை செய்யும் இடத்தில்

'எந்த ஊர்?' என்று கேட்பது இக்போ மக்களிடையே சாதாரண மரியாதைப் பேச்சு. இரண்டு பேர் சந்தித்தால் உறவு கண்டுபிடிக்கும் வழி அது. அந்த மூத்த ஊழியர் உங்களைத் தோண்டுகிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே நேரம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "இமோ மாநிலம். ஊர் விவரமெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தபடி சொல்லி, பேச்சை மாற்றிவிடலாம். மீண்டும் கேட்டால், "குடும்ப விவரங்களை நான் வேலை இடத்தில் பேசுவதில்லை" என்று சொல்லுங்கள். பொய்யாக வேறோர் ஊரின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை அவர் அடுத்த வாரமே உங்களிடம் அழைத்து வரக்கூடும்.

ஒருவேளை உண்மை தெரிந்து, அதனால் கேலி, ஒதுக்கல், பணி ஒதுக்கீட்டில் பாரபட்சம் என்று ஏதேனும் நடந்தால் அது உங்கள் தனிப்பட்ட துயரம் மட்டுமல்ல, சட்ட விவகாரமும்கூட. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் இனம் என்பதற்குள் இனக்குழு மூலத்தையும் சேர்க்கிறது. சாதியைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதச் சொல்லி நாடாளுமன்றம் 2013இல் வழி செய்தது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு 2018இல் அதைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்புகளில் முக்கியமானது வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014இல் தந்தது. ஒருவரின் சாதி அவருடைய இனக்குழு மூலத்தின் பகுதியாக அமையக்கூடும், பரம்பரையும் அதில் அடங்கும் என்று அது ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கு இந்தியச் சாதி தொடர்பானது. ஒசு பற்றிய புகாரை அதே தர்க்கத்தில் வாதிட வேண்டியிருக்கும், வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், தொழிற்சங்கத்திடமோ, பணியிடத் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பிடமோ சீக்கிரமே பேசுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு குறுகியது.

அத்தை சொல்லும் பிரார்த்தனை

உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. மனம் கனத்திருக்கும்போது ஜெபம் உங்களுக்கு ஆறுதல் தருமென்றால் செய்யுங்கள். ஆனால் உங்களிடமிருந்து எதையோ விரட்டும் சடங்குக்கு, அதுவும் காணிக்கை கேட்கும் சடங்குக்கு, உட்காராதீர்கள். உங்களிடம் விரட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நிரியில் 2018இல் நடந்ததும் சடங்குதான், ஆனால் தன்மை வேறு. பழைய காலத்திலிருந்தே தீட்டையும் தடையையும் நீக்கும் அதிகாரம் பெற்றிருந்த ஊர் அது. விலக்கை விதித்த சமூகமே கூடி, அந்த விலக்கை நீக்குவதாக அறிவித்தது. அத்தை சொல்வதில் மாற வேண்டியவர் நீங்கள் என்று ஆகிவிடுகிறது. அவரும் ஒசுவாகப் பிறந்து, தன் வழியில் விடுதலை தேடியவர் என்பதால் கடுமையாகப் பேச வேண்டாம். "எனக்காக ஜெபியுங்கள் அத்தை, ஆனால் நான் வரமாட்டேன்" என்றால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்து முடிக்க நினைக்காதீர்கள். முதலில் அப்பா, அம்மாவோடு அந்தப் பழைய உரையாடலைப் பற்றிப் பேசுங்கள். பிறகு வேல்ஸ்காரரிடம், இருவருக்கும் மறுநாள் விடுமுறை இருக்கும் ஒரு மாலையில், கைபேசிச் செய்தியாக அல்லாமல் நேரில். அம்மம்மா வீட்டை அதற்குப் பின் பார்க்கலாம். அந்த முதல் காதல் முறிவைப் பற்றி நீங்கள் இதுவரை எவரிடமும் முழுமையாகப் பேசியதில்லை என்று தெரிகிறது. இங்கிலாந்தில் அரசுப் பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். அங்கே உட்காருபவருக்கும் ஒசு என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. முதல் சந்திப்பு முழுவதும் நைஜீரிய வரலாறு சொல்லியே கழிந்துவிடாமல், மேலே எழுதியதிலிருந்து ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அந்த அறையில் உங்கள் நேரம் உங்களைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டும்.